வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

12 ஏப்ரல் 2025, சனி

முடிவு செய்தாயிற்று. வண்டிக்கு நானே பெயிண்ட் அடிக்கப் போகிறேன்.

காலையில் இராமநாதபுரம் ஓட்டிப்போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்த ஆள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், பின்கதவை விரலால் தட்டினான், நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்றான். இந்த மாருதியை விற்றால்கூட அவ்வளவு தேறாதே என்றேன். "அப்ப வித்துருங்க பாய்" என்றான். சுருக்கென்றது. 2004-இல் லீவில் வந்தபோது மாலை போட்டு நான் எடுத்துவந்த வண்டி. தேவிபட்டினத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார்.

சவூதியில், தம்மாமில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு ஒரு காரை வெள்ளையாக்கத் தெரியாதா? யூடியூபில் நான்கு வீடியோ பார்த்துவிட்டேன். வீட்டு வாசலிலேயே பத்தாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள்.

என் மனைவி குல்சுமிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "உங்க இஷ்டம்" என்றாள். ஜனவரியில் நான் ஒரேயடியாக ஊருக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பதில்தான். இட்லியா தோசையா என்றாலும் உங்க இஷ்டம்.

14 ஏப்ரல், திங்கள்

கூத்தையாவின் பஞ்சர் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அப்போதிருந்தே அவனுக்கு நான் வாவுதான். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாடகைக்கு வேண்டும் என்றேன். "ஏலே வாவு, அங்கன ஒட்டகத்துக்குப் பெயிண்ட் அடிச்சுப் பழகிட்டு வந்தியாக்கும்?" என்றான். வாடகை வேண்டாம், ஆனால் அடிக்கிற அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன் என்றான். ஒப்புக்கொண்டேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

தேய்ப்பு வேலை ஆரம்பம். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். போர்வெல் குழாயில் ஹோஸ் மாட்டி, ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் பேப்பர். மூன்று மணி நேரத்தில் பானெட் மட்டும் முடிந்தது. குளிக்கப் போனால் இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. தம்மாமில் கக்கூஸ் குழாயில்கூட நல்ல தண்ணீர் வரும். குல்சுமிடம் இதை வந்த நாளிலிருந்து புலம்புகிறேன். அவளும் கேட்டுக்கொள்கிறாள்.

தேய்க்கும்போது பழைய நாட்கள் வருகின்றன. வண்டி எடுத்த மறுநாள் உம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து இராமேஸ்வரம் ரோட்டில் போனோம். பாம்பன் பாலத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, "மவனே, காத்த காசு குடுத்தா வாங்கின?" என்று கேட்டுச் சிரித்தார். பின்சீட்டில் குல்சும், மடியில் இரண்டு வயது மகள் நஸீஹா. நஸீஹா சீட்டெல்லாம் வாந்தி எடுத்தாள். அன்றைக்கு எனக்கிருந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்த வாந்தியோடு சேர்த்து அந்த நாள் திரும்பி வந்தால் போதும்.

பின்கண்ணாடியில் ஒரு பசைத் தடம். தேய்த்துப் பார்த்தால் பெரிய எல் எழுத்து. குல்சும் ஓட்டப் பழகியபோது ஒட்டியது. யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை நாள் ஆயிற்று, எதில் முட்டினாள், எனக்கு எதுவும் தெரியாது. போனில், "லைசன்ஸ் எடுத்துட்டேன்" என்றாள். "நல்லது" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

17 ஏப்ரல், வியாழன்

எங்களுக்குத் தங்கை மாதிரியான பக்கத்து வீட்டு ஜுனைதா வந்து நின்று பார்த்தாள். "குல்சும் லாத்தா இப்ப வண்டியே எடுக்கறதில்லையே காக்கா. நீங்க வந்ததுல எல்லாருக்கும் சந்தோசந்தான். எங்களுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக ஆளில்லாமப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

வந்த மூன்றாம் நாள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "நான்தான் வந்துட்டேன்ல, இனிமே நீ எதுக்கு ஸ்டியரிங்கப் பிடிச்சு அல்லாடணும்?" என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு. அன்றிலிருந்து மீன் வாங்கக்கூட ஷேர் ஆட்டோவில்தான் போகிறாள். ஏறு, கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிறாள்.

19 ஏப்ரல், சனி

பட்டி போட்டேன். துரு தின்ற இடங்களைச் சுரண்டி, பள்ளங்களைப் பட்டியால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்க வேண்டும். மொத்தம் நான்கு பள்ளம். ஒவ்வொன்றையும் காட்டி இது எப்படி வந்தது என்று குல்சுமைக் கேட்டேன், ஸ்டோரில் சேதாரப் பட்டியல் எடுக்கிற மாதிரி. கூரை: "தேங்கா விழுந்துச்சு." முன் மட்கார்டு: "நஸீஹா ஸ்கூல் வேன்காரன்." பம்பர்: "ஆடு." ஆடா என்றேன். "ஆடுதான்" என்றாள். இடது பின்கதவில் முழங்கை அளவுக்குப் பெரிய பள்ளம். அதைக் காட்டியதும் உள்ளே போய்விட்டாள்.

அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். இரண்டு தடவை பட்டி, இரண்டு தடவை தேய்ப்பு. சாயங்காலம் கையால் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது. அவளைக் கூப்பிட்டு, "பாரு, இருந்த இடமே தெரியல" என்றேன்.

பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை பாராட்டினால் குறைந்தா போய்விடுவாள்?

20 ஏப்ரல், ஞாயிறு

சென்னையிலிருந்து நஸீஹா பேசினாள். பெருமையோடு வீடியோவில் வண்டியைக் காட்டினேன். பின்கதவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அந்தப் பள்ளத்தையா அடைச்சீங்க வாப்பா? உம்மாகிட்டக் கேட்டீங்களா?"

ஏன் என்றேன். "வாப்பும்மா மவுத்தான அன்னைக்குப் பட்டது. அவசரமா வண்டிய வெளிய எடுக்கைல வாசல் கேட்டுத் தூண்ல இடிச்சிச்சு. நானும் உள்ளதான் இருந்தேன். மத்தத உம்மா சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். என் உம்மா இறந்த அன்றைக்கா? என்னிடம் யாரும் சொன்னதில்லை.

21 ஏப்ரல், திங்கள்

பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். என் டைரிகள், வருடத்துக்கு ஒன்று. 2011-ஐ எடுத்தேன்.

"14 ஆகஸ்ட், ஞாயிறு. நோன்பு 14. கடும் வெயில். ஸ்டோரில் சரக்கு எண்ணினோம். சட்டை இரண்டு துவைத்தேன். நோன்பு திறக்க தவ்ஃபீக் சமோசா கொடுத்தான், உப்பு அதிகம்."

அதற்குக் கீழே வேறு பேனாவில்: "போன் வந்தது. உம்மா மவுத்து. ஆஸ்பத்திரியில். இன்னா லில்லாஹி."

நான் நோன்பு திறக்கும்வரை காத்திருந்து சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கே அடக்கமும் ஆயிற்று. நான் வரவில்லை.

மற்ற டைரிகளையும் புரட்டினேன். தேங்காய் விழுந்த நாள், ஸ்கூல் வேன் இடித்த நாள், எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லவே இல்லையே. என் லீவு நாட்களைக் கூட்டினேன். இந்த வண்டி வந்த இருபது வருடத்தில் நான் ஊரில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு நாள். இது யாருடைய வண்டி? நான் என்னடா நினைச்சுக்கிட்டிருந்தேன்?

23 ஏப்ரல்

அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. பெயிண்ட் அடித்து முடித்துவிட்டுக் கேட்கலாம்.

27 ஏப்ரல், ஞாயிறு

பிரைமர் அடித்தேன். வண்டி சாம்பல் பூசிய மாதிரி நிற்கிறது. மறுபடியும் வாட்டர் பேப்பர், மறுபடியும் ஹோஸ். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது.

3 மே, சனி

அடித்தாயிற்று! தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி, புழுதி பறக்காமல் தரையை நனைத்து, கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, வெள்ளை மூன்று கோட். கூத்தையா சொன்னபடி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு இடத்தில் வழிந்தது. "அழுவுதுலே உன் வண்டி" என்றான். காய்ந்ததும் தேய்த்துச் சரிசெய்தேன். அல்ஹம்துலில்லாஹ், தூரத்தில் நின்று பார்த்தால் 2004 மாதிரியே இருக்கிறது. தெருவே வந்து பார்த்தது.

குல்சும் கதவைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கு" என்றாள். நான்கு மாதத்தில் இதுதான் உங்க இஷ்டம் இல்லாத வார்த்தை. ஒரு ரவுண்டு போகலாம் வா என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

24 மே, சனி

நாசமாய்ப் போயிற்று.

காலையில் துடைக்கப் போனால் பானெட்டில் கடுகு கடுகாய்க் கொப்புளம். கூரையில், கதவில், எங்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். தோல் உரிகிற மாதிரி பெயிண்ட் வந்துவிட்டது. உள்ளே ஈரம். முழுசாக இருபத்தொரு நாள்தான் ஆகிறது. கடைக்காரன் மட்டமான பெயிண்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கத்தினேன். கூத்தையாவின் கம்ப்ரசரையும் திட்டினேன். அவன், "என் கம்ப்ரசர் என்னலே பண்ணிச்சு" என்று முறைத்துக்கொண்டு போய்விட்டான்.

25 மே, ஞாயிறு

குல்சும் வந்தாள். உரிந்த இடத்தில் விரல் வைத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். உப்புப் பார்க்கிற மாதிரியேதான்.

"எந்தத் தண்ணிய ஊத்தித் தேச்சீங்க?"

"போர்த் தண்ணிதான்."

"பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி ஊத்திக் கழுவலியா?"

கழுவவில்லை. காவிரிக் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வருகிறது, அதுவும் குடிக்க மட்டும். அதைக் காருக்கு ஊற்றத் தோன்றுமா? அப்படிச் சொன்னேன்.

"இருவது வருசமா வாராவாரம் போர்த் தண்ணில கழுவிட்டு, கடைசில ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தித் தொடைப்பேன். இல்லாட்டி இந்தக் கடக்கரைல வண்டி தங்குமா? எப்பவோ துருவாப் போயிருக்கும். காஞ்ச உப்பு மேலேயே பெயிண்ட அடிச்சு வச்சிருக்கீங்க. கடைசியாவாவது கழுவியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமேடி!" என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "நீங்க கேட்டீங்களா? சாவியத்தான் கேட்டீங்களா, பெயிண்ட் அடிக்கவான்னுதான் கேட்டீங்களா? பதினாறு மணி நேரம் தேச்சீங்க, ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பிறந்து வளர்ந்த ஊர்த் தண்ணீரின் உப்பை மறந்துவிட்டேன். சோப்பு நுரைக்கவில்லை என்று தினமும் புலம்பினேன், அதே தண்ணீரை வண்டியில் ஊற்றினேன். இதைவிட மடத்தனம் உண்டா? பெயிண்டைச் சொல்லி என்ன, கம்ப்ரசரைச் சொல்லி என்ன.

26 மே

கூத்தையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன்.

29 மே, வியாழன்

இன்று கேட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து, அவள் மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, "அந்தப் பின்கதவு. எனக்குத் தெரியணும் குல்சும்" என்றேன்.

கையிலிருந்த மீனைக் கழுவி முடித்தாள். பிறகு சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

"மாமிக்கு நெஞ்சு வலி வந்திருச்சு. பின்சீட்டுல படுக்க வச்சேன். நஸீஹா மடில தல. வெளிய எடுக்கைல தூண்ல இடிச்சேன், எறங்கிப் பாக்கல. பாதி வழில, அந்தக் கருவேலங்காடு வருமே, அங்கன மாமிக்கு மூச்சு இழுத்துச்சு. கலிமா சொல்லிக் குடுத்துக்கிட்டே ஓட்டினேன். கண்ணாடில பாத்தேன், ஒதடு அசைஞ்சிச்சு. அப்புறம் அசையல. நான் நிறுத்தல. நிறுத்தினா புள்ள பயந்துரும். ஆஸ்பத்திரி வரைக்கும் கலிமா சொல்லிக்கிட்டே ஓட்டினேன்."

"ஆஸ்பத்திரிலன்னு சொன்னாங்களே."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அங்கன தனியாக் கெடந்து நீங்க என்ன பண்ணுவீங்க?"

பதினான்கு வருடம் இதை அவள் ஒருத்தியே வைத்திருந்திருக்கிறாள். நான் அதன்மேல் பட்டி பூசிவிட்டு, இருந்த இடமே தெரியவில்லை பார் என்றேன். யா அல்லாஹ்.

அழுதேன். இந்த வயதில், மீன் செதில்களுக்கு நடுவில் உட்கார்ந்து. அவள் எழுந்து போகவில்லை.

கடைசியில், எப்படியும் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும், அந்தப் பள்ளத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு? ஒவ்வொரு தடவையும் கதவத் தொறக்கைல பாத்துப் பாத்து எனக்குப் போதும்னு ஆயிருச்சு. நெரப்புங்க. இப்பத் தெரியுமில்ல, தெரிஞ்சு நெரப்புங்க" என்றாள்.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து உம்மாவை அடக்கிய கபருக்குப் போனேன். அதிகநேரம் நின்றேன்.

11 ஜூன், புதன்

பழைய பெயிண்ட் முழுக்க உரித்துத் தேய்த்தாயிற்று. பட்டியும் போட்டாயிற்று. பின்கதவுக்கு நிதானமாகப் போட்டேன். இனி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பத்துக் குடமாவது வேண்டும், வீட்டில் இருப்பது ஆறு. லாரித் தண்ணீர் சொல்லட்டுமா என்று குல்சுமைக் கேட்டேன். (கேட்டேன்!)

"நாளைக்குக் கொழாயில வரும். பாத்துக்கலாம்" என்றாள்.

12 ஜூன், வியாழன்

காலை பத்து மணி இருக்கும். குல்சும் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து வண்டிப் பக்கம் இறக்கினாள். குடிக்க வைத்திருக்கும் பச்சைக் குடம், மேலே கட்டிய துணிகூட அவிழ்க்காமல். அவள் பின்னால் ஜுனைதா ஒரு குடம். அடுத்து ஜுனைதாவின் மாமியார். எதிர்வீட்டு நாகஜோதி. பெயர் தெரியாத இரண்டு பெண்கள். சிலர் இரண்டாம் நடையும் போக, ஒன்பது குடம் வந்து நின்றது. இவர்களெல்லாம் ஒரு குடத்தைக் குறைத்துக்கொண்டால் ஒருநாள் சமையல் இழுபறிதான்.

எதுக்கும்மா என்றேன்.

"என் மவன் பொறக்கைல இந்த வண்டில ஏறித்தான் போனேன் காக்கா. கொஞ்சம் லேட்டாயிருந்தா உள்ளேயே பொறந்திருப்பான்" என்றாள் ஜுனைதா. நாகஜோதி, "எங்க அய்யாவ மூணு தடவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பெட்ரோலுக்குக்கூட வாங்க மாட்டாங்க" என்றாள். குல்சும், "பேசிக்கிட்டே நிக்காம ஊத்துங்க, வெயில் ஏறுது" என்று என்னை விரட்டினாள்.

ஊற்றினேன். அவள் பழைய துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சொட்டு வீணாகவில்லை.

15 ஜூன், ஞாயிறு

இரண்டாம் முறை பெயிண்ட். ஓட்டைத் தார்ப்பாய் வேண்டாம் என்று குல்சும் தன் பழைய சேலைகள் நாலைக் கொண்டுவந்து கட்டினாள். ஒன்று நான் தம்மாமிலிருந்து வாங்கிவந்த ஊதா ஜப்பான் சேலை. "கட்டவே இல்லையா?" என்றேன். "வழுக்குது, அத எவ கட்டுவா? இதுக்காவது ஆச்சே" என்றாள். கூத்தையா நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். சேலையெல்லாம் வெள்ளைப் புள்ளி.

8 ஜூலை, செவ்வாய்

கொப்புளம் இல்லை. தினமும் காலையில் தடவித் தடவிப் பார்க்கிறேன். சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

9 ஜூலை, புதன்

காலையில் ஆணியில் சாவி இல்லை. வாசலில் ஹாரன் சத்தம். போனால் குல்சும் வண்டிக்குள் இருக்கிறாள், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

"இராமநாதபுரம் போறேன். வாரீங்களா?"

பழக்கதோஷத்தில் வலது கதவுக்குப் போனேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போய் ஏறினேன். "பெல்ட்டப் போடுங்க" என்றாள். நான் இத்தனை நாள் நினைத்ததுபோல் இல்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். ஆட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே திட்டுகிறாள். பம்பர் கதை உண்மைதான்போல.

கருவேலங்காட்டுப் பக்கம் வேகத்தைக் குறைத்து, "இங்கனதான்" என்றாள். நான் ஃபாத்திஹா ஓதினேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஓதினாள். பிறகு கியரை மாற்றினாள்.

திரும்பி வந்து கேட்டுக்குள் நிறுத்தினாள். இடதுபக்கம் உட்கார்ந்து பழக்கமில்லாதவன், பார்க்காமல் கதவைத் திறந்தேன். டங்கென்று தூணில் அடித்தது. புத்தம்புது வெள்ளை பெயர்ந்துவிட்டது.

குல்சும் இறங்கி, சுற்றிவந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜனவரியிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இருவது வருசத்துல நாலே நாலு. நீங்க மொத நாளே ஆரம்பிச்சிட்டீங்க. போங்க, டைரில எழுதி வைங்க, தேதி போட்டு."

எழுதிவிட்டேன். 9 ஜூலை 2025. இடது முன்கதவு, ஓரத்தில், அரை அங்குலம். அப்போது நான் வண்டிக்குள் இருந்தேன்.